கல் பெறாத சாவுகள்
(போர்க்காலத்தில் படைவீரர் தற்கொலையின் காரணங்கள் குறித்த உரை)



முன்னுரை

போர்க்களத்துச் சாவு என்றவுடன் பகைவன் கையால் நேரும் சாவே எவர் நினைவிலும் எழும். வீரன் தன் கையால் தன் உயிரை முடித்துக்கொள்ளும் சாவும் அக்களத்தில் உண்டு. வரலாற்று நூல்கள் அதனை ஓரிரு வரிகளில் கடந்து செல்லும். படைத்துறைப் பதிவேடுகள் அதனை வேறொரு தலைப்பின்கீழ் எண்ணும். உறவினரோ அதனைத் தாழ்ந்த குரலில் பேசுவர். பல வேளைகளில் பேசாமலே விடுவர்.

இச்சாவுக்கு உலகம் இரண்டு தீர்ப்புகளை எளிதாக வழங்கிவிடுகிறது. கோழைத்தனத்தால் நேர்ந்தது என்பது ஒன்று. மானத்தால் நேர்ந்தது என்பது மற்றொன்று. முதல் தீர்ப்பு இகழ்கிறது. இரண்டாவது தீர்ப்பு புகழ்கிறது. காரணத்தை இறந்தவனுடைய நெஞ்சுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடுவதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. அவன் சார்ந்திருந்த படையும், அவனை அனுப்பிய நாடும், அவனை வளர்த்த சமுதாயமும் இத்தீர்ப்புகளால் விசாரணையிலிருந்து தப்பிவிடுகின்றன. அப்பூட்டைத் திறந்து பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

துர்க்கைம் கண்ட உண்மை

தற்கொலையைத் தனிமனிதச் செயலாக மட்டும் காணாமல் சமுதாய நிகழ்வாகக் கண்டு ஆராய்ந்தவர் பிரெஞ்சுச் சமூகவியல் அறிஞர் எமில் துர்க்கைம். 1897இல் வெளிவந்த ‘தற்கொலை’ என்னும் நூலில் அவர் படைவீரர்க்கெனத் தனி இடம் ஒதுக்கினார். ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் கணக்குகளை ஒப்பிட்டபோது, ஒத்த வயதுடைய பொதுமக்களைக் காட்டிலும் படைவீரரிடையே தற்கொலை மிகுந்திருப்பதை அவர் கண்டார். படைவாழ்க்கையின் கடுமை பழகாத புதியவர்களே மிகுதியாக இறந்திருப்பர் என்று எவரும் எண்ணக்கூடும். கணக்கு அதற்கு மாறாக இருந்தது. நெடுங்காலம் பணியாற்றியோர், தாமே விரும்பிப் பணியை நீட்டித்துக்கொண்டோர், அதிகாரிகள் ஆகியோரிடையேதான் அது மிகுந்திருந்தது. படையை வெறுத்தவனைவிடப் படையோடு ஒன்றிப்போனவனே தன் உயிரை எளிதாக விட்டான் என்பது இதனால் பெறப்படும்.

தன் உயிர் தனக்குரியது அன்று. குழுவுக்குரியது என்னும் பயிற்சியே படைப் பயிற்சியின் அடித்தளம். அப்பயிற்சியில் முற்றிலும் ஊறியவன் ஒரு சிறு பழி நேர்ந்தாலும் உயிரைத் துரும்பாகக் கருதிவிடுவான் என்பது துர்க்கைமின் விளக்கம். மனிதன் சமுதாயத்திலிருந்து முற்றிலும் அறுபட்டாலும் ஆபத்து, சமுதாயத்தோடு அளவிறந்து பிணைக்கப்பட்டாலும் ஆபத்து என்பது அவர் கோட்பாட்டின் சாரம். போர்க்காலத்தில் பொதுமக்களிடையே தற்கொலை குறைகிறது என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். பொதுவான பகை மக்களை ஒன்றுசேர்க்கிறது; தனிமை குறைகிறது. ஊரைக் காக்கும் அதே பிணைப்பு வீரனிடத்தில் இறுகும்போது சுருக்காக மாறிவிடுகிறது எனலாம்.

இந்த அறிஞரையும் போர் விட்டுவைக்கவில்லை. அவர் மகன் ஆந்திரே 1915இல் முதல் உலகப் போரின் பால்கன் முனையில் மாண்டான். துயரத்திலிருந்து மீளாத தந்தை 1917இல் மறைந்தார்.

நாணம் என்னும் காரணம்

பிணைப்பு இறுகுவதால் வரும் சாவுக்கு நாணமே வாயில். தமிழ் இலக்கியம் இதனை நன்கு அறியும். பட்ட புண்ணைத் தானே கிழித்துக்கொண்டு உயிர்விடும் மறவனின் செயலைத் தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித் திணையின் துறைகளுள் ஒன்றாக வைத்துள்ளது. சோழன் செங்கணானால் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கேட்ட தண்ணீர் காலந்தாழ்த்தி வந்த இழிவைப் பொறாது, அதனைப் பருகாமலே துஞ்சினான் எனப் புறநானூற்று 74ஆம் பாடலின் குறிப்பு கூறுகிறது.

வெண்ணிப் போரில் கரிகாலனை எதிர்த்துநின்ற சேரமான் பெருஞ்சேரலாதன் கதை இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. பகைவன் அவன் மார்பைக் குறித்தே எறிந்தான். படைக்கலம் ஊடுருவி முதுகிலும் புண் செய்தது. சேரன் புறமுதுகிட்டவன் அல்லன். போரைப் பார்த்த எவரும் அதனை அறிவர். ஆயினும் புறப்புண் என்னும் அடையாளம் தன் உடலில் தங்கியதற்கே நாணி, வாளோடு வடக்கிருந்தான். நாணம் நிகழ்ந்ததை எண்ணிப் பார்ப்பதில்லை. பிறர் கண்ணுக்குத் தெரியும் வடுவை மட்டுமே பார்க்கிறது. அந்த நாணத்தை வீரனுக்கு ஊட்டுபவள் தாயாகவும் இருக்கலாம். மகன் களத்தில் புறங்காட்டி மாண்டான் என்று பிறர் கூறக் கேட்டு, அது உண்மையாயின் அவன் பாலுண்ட முலையை அறுத்தெறிவேன் என வஞ்சினம் கூறிய முதியவளைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியுள்ளார். வீரம் செறிந்த பாடல் எனப் போற்றப்படும் அதில், உயிரோடு திரும்பும் மகனுக்கு வீட்டில் இடமில்லை என்னும் செய்தியும் அடங்கியுள்ளது.

இந்த நாணம் இயல்பாகப் பிறப்பதா, ஆக்கப்படுவதா என்னும் வினாவுக்கு ஜப்பான் நாட்டின் வரலாறு விடை தருகிறது. 1904-05இல் நடந்த ரஷ்ய-ஜப்பானியப் போரில் ஏறத்தாழ 2,000 ஜப்பானியர் ரஷ்யரிடம் சிறைப்பட்டனர். இகழ்ச்சி ஓரளவு இருந்தபோதிலும், அவர்கள் நாடு திரும்பி வாழ வழி இருந்தது. போர்க்கைதிகளை நடத்துவது பற்றிய 1929ஆம் ஆண்டு ஜெனிவா உடன்படிக்கையில் ஜப்பான் கையெழுத்திட்டது. ஆனால் அதனை உறுதிப்படுத்தவில்லை. 1941 ஜனவரியில் போர் அமைச்சர் டோஜோவின் காலத்தில் ‘சென்ஜின்குன்’ என்னும் போர்க்கள நெறிமுறை வீரர்க்கு வழங்கப்பட்டது. உயிரோடு சிறைப்பட்டு இழிவடைதல் கூடாது என்பது அதன் கட்டளைகளுள் ஒன்று. ஒரு தலைமுறைக்குள் சிறைப்படுதல் என்பது சாவினும் கொடிய பழியாக ஆக்கப்பட்டுவிட்டது.

விளைவு விரைவில் தெரிந்தது. 1943 மே மாதம் அலாஸ்காவை அடுத்த அட்டுத் தீவில் 2,000க்கு மேற்பட்ட ஜப்பானிய வீரர் இருந்தனர். போர் முடிந்தபோது சிறைப்பட்டவர் 30 பேருக்கும் குறைவு. இறுதித் தாக்குதலுக்குப் பின்னும் எஞ்சியவருள் பலர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டனர். அச்செய்தியை நாட்டுக்கு அறிவித்தபோது ‘க்யொகுசாய்’ என்னும் சொல் கையாளப்பட்டது. மணி நொறுங்குதல் என்பது அதன் பொருள். தோற்ற போரில் உணவும் மருந்தும் துணைப்படையும் இன்றிக் கைவிடப்பட்டவர்களின் சாவு, ஓர் அழகிய சொல்லால் போர்த்தப்பட்டது. 1944 ஜூலையில் சைபன் தீவிலும் இதுவே நிகழ்ந்தது. படைத்தலைவர் சைட்டோ இறுதித் தாக்குதலுக்கு ஆணையிட்டுவிட்டுத் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். சிறைப்பட்டால் வதைக்கப்படுவோம் என்று நம்பவைக்கப்பட்ட பொதுமக்கள் குழந்தைகளோடு பாறை முகடுகளிலிருந்து குதித்தனர். அவ்வாண்டு அக்டோபரில் தொடங்கிய விமானத் தற்கொலைத் தாக்குதல்களில் ஏறத்தாழ 3,800 வானோடிகள் மாண்டனர். அவர்களுள் கல்லூரியிலிருந்து நேரே படைக்கு அழைக்கப்பட்ட மாணவரும் இருந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற நாட்குறிப்புகளில் தயக்கமும் தாயின் நினைவும் வாழும் ஆசையும் நிறைந்துள்ளன. விரும்பி முன்வந்தவர் எனக் குறிக்கப்பட்டோரிடத்தும் விருப்பம் எது, கட்டளை எது என்று பிரித்தறிய இயலாத நிலை இருந்தது.

இதே படையில் மற்றொரு செய்தியும் உண்டு. 1944 டிசம்பரில் பிலிப்பைன்ஸின் லுபாங் தீவுக்கு அனுப்பப்பட்ட ஹிரூ ஒனோடா என்னும் அதிகாரிக்கு, எந்நிலையிலும் தற்கொலை செய்துகொள்ளக் கூடாது என்று மேலதிகாரி ஆணையிட்டிருந்தார். அவர் 1974 வரை காட்டில் உயிர்வாழ்ந்து, பழைய மேலதிகாரி நேரில் வந்து கூறிய பின்னரே வெளிவந்தார். அவர் குழுவால் அத்தீவின் மக்கள் பட்ட துன்பம் வேறொரு துயரக் கதை. சாவு என்று ஆணையிட்ட இடத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். வாழ்வு என்று ஆணையிட்ட இடத்தில் ஒருவர் முப்பதாண்டு வாழ்ந்தார். நாணம் குருதியில் ஊறியது என்று கூறுவோர்க்கு இந்த ஒப்பீடே விடையாகும். டோஜோவும் 1945 செப்டம்பரில் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். பகைநாட்டு மருத்துவரே அவரைக் காப்பாற்றினர். மூன்றாண்டுகளுக்குப் பின் நீதிமன்றத் தீர்ப்பின்படி அவர் தூக்கிலிடப்பட்டார்.

ஈழப் போரில் கழுத்தில் நஞ்சுக்குப்பி அணிந்து சென்ற இளையோரின் சாவிலும் இதே பிணைப்பு உண்டு. சிறைப்பட்டால் வதை நேரும், தோழரைக் காட்டிக்கொடுக்க நேரும் என்ற அச்சம் அங்கே மெய்யான அச்சமாக இருந்தது. அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும், மாண்ட பிள்ளையின் அகவையை எண்ணிப் பார்க்கும் தாய்க்கு எந்த விளக்கமும் போதியதாக அமைவதில்லை.

உள்ளத்தில் பட்ட புண்

நாணத்தால் விளையும் சாவுக்கு ஊரார் பார்வை காரணம். ஊரார் பாராத இடத்தில், தன் மனச்சான்றின் முன் மட்டும் நின்று வீழ்பவர் வேறொரு வகையினர்.

கிரேக்க நாடக ஆசிரியர் சோபோக்கிளிஸ் இயற்றிய ‘அயாஸ்’ இவ்வகையில் முதன்மையான நூல். அவர் நாடக ஆசிரியர் மட்டுமல்லர். ஏதென்சின் படைத்தலைவர்களுள் ஒருவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டவர். திராய்ப் போரில் அக்கிலிசுக்கு அடுத்த பெருவீரன் அயாஸ். அக்கிலிசின் கவசம் தனக்குக் கிடைக்காமல் ஒடிசியசுக்குத் தரப்பட்டதால் அவன் உள்ளம் முறிகிறது. மதி மயங்கிய நிலையில் கால்நடைகளைத் தன்னை வஞ்சித்த தலைவர்கள் என்றெண்ணி வெட்டி வீழ்த்துகிறான். தெளிவு வந்தபின் தன் செயலைத் தானே காண்கிறான். அவனோடு வாழும் தெக்மெசா குழந்தையைக் காட்டி மன்றாடுகிறாள். அவன் அவள் சொல்லுக்கு இணங்கியவன்போல் பேசிவிட்டுத் தனியே சென்று மாய்கிறான். தலைவரால் வஞ்சிக்கப்பட்டோம் என்னும் உணர்வு, தான் செய்த செயலைத் தானே பொறுக்க இயலாமை, உதவிக்கு நீண்ட கையை ஏமாற்றி விலகுதல் ஆகிய மூன்றும் அந்நாடகத்தில் வரிசையாக உள்ளன. இன்றைய உளநல மருத்துவர் கூறும் நிலைகளும் இவையே.

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்க்கு மருத்துவம் செய்த ஜானதன் ஷே, 1994இல் வெளியிட்ட ‘வியட்நாமில் அக்கிலிஸ்’ என்னும் நூலில் இதனை விரிவாக ஆராய்ந்தார். வீரனின் உள்ளத்தைச் சிதைப்பது அச்சம் மட்டுமன்று. அறம் எனத் தான் நம்பியதை மேலிருப்போர் பொய்யாக்கும்போது படும் புண்ணே ஆழமானது என்பது அவர் முடிவு. செய்யக் கூடாததைச் செய்தல், தடுக்க வேண்டியதைத் தடுக்க இயலாமல் பார்த்து நிற்றல், தோழன் மாளத் தான் மட்டும் எஞ்சுதல் ஆகியனவும் இப்புண்ணை உண்டாக்கும். அறத்தால் பட்ட புண் என இதனைத் தமிழில் குறிக்கலாம். மறக்காஞ்சி மறவன் கிழித்துக்கொண்ட புண் கண்ணுக்குத் தெரிந்தது. இப்புண் தெரிவதில்லை.

தெரியாத புண்ணைப் படைத்துறை எவ்வாறு நடத்தியது என்பதற்கு முதல் உலகப் போர் சான்று. குண்டு வீச்சின் நடுவே பேச்சிழந்தும் நடுங்கியும் நின்ற வீரரைப் பற்றி மருத்துவர் சார்லஸ் மையர்ஸ் 1915இல் எழுதினார். ‘குண்டதிர்ச்சி’ என்னும் பொருள்தரும் சொல் வழக்குக்கு வந்தது. அக்காலத்திலேயே போருக்கு அஞ்சியமை, படையை விட்டு ஓடியமை முதலிய குற்றங்களுக்காகப் பிரித்தானியப் படை தன் வீரரையே சுட்டுக் கொன்றது. அவர்களுள் 306 பேருக்கு 2006இல்தான் பிரித்தானிய அரசு மன்னிப்பு வழங்கியது. நடுக்கத்துக்குத் தண்டனை என்றிருந்த இடத்தில் எவன் தன் நடுக்கத்தை வெளியிடுவான்? அப்போரில் களம்கண்ட கவிஞர் சீக்ஃபிரிட் சசூன், பதுங்குகுழியில் தன்னைத் தானே சுட்டுக்கொண்ட எளிய இளைஞன் ஒருவனைப் பற்றி 1918இல் ஒரு சிறு கவிதை வெளியிட்டார். அவ்விளைஞனின் சாவுக்குப் பின் சூழ்ந்த மௌனத்தையும், படை அணிவகுக்கும்போது ஆரவாரம் செய்யும் ஊராரையும் அருகருகே வைத்தது அக்கவிதை.

தனிமையும் கைக்கெட்டும் கருவியும்

மூன்றாவது காரணம் தனிமை. நெருக்கமான குழுவில் வாழும் வீரனுக்குத் தனிமை ஏது என்று தோன்றலாம். ஆப்கானிஸ்தான், ஈராக் ஆகிய நாடுகளில் போரிட்ட அமெரிக்கப் படையின் வரலாறு இதனை விளக்குகிறது. 2004ஆம் ஆண்டுக்குப் பின் அமெரிக்கத் தரைப்படையில் தற்கொலை தொடர்ந்து பெருகியது. 2008இல் அதன் வீதம் ஒத்த வயதுடைய பொதுமக்களின் வீதத்தையும் தாண்டியது. 2012இல் முப்படைகளிலும் பணியிலிருந்தோருள் ஏறத்தாழ 350 பேர் தற்கொலை செய்துகொண்டனர். அவ்வாண்டு ஆப்கானிஸ்தான் போரில் மாண்ட அமெரிக்க வீரர் தொகையினும் இது மிகுதி.

அடுத்தடுத்துப் போர்முனைக்கு அனுப்பப்பட்டமையும், 2007இல் தரைப்படையினரின் களப்பணிக் காலம் 12 மாதத்திலிருந்து 15 மாதமாக நீட்டப்பட்டமையும் முதலில் காரணங்களாகக் கூறப்பட்டன. பின்னர் வந்த ஆய்வுகள் வியப்பான செய்தி ஒன்றைத் தந்தன. போர்முனையையே காணாத வீரரிடையேயும் தற்கொலை பெருகியிருந்தது. எனவே குண்டும் குருதியும் மட்டுமே காரணமாகா. முறிந்த மணவாழ்வு, கடன், ஒழுங்கு நடவடிக்கை, குடி, உறக்கமின்மை, தலைக்காயம் ஆகியன மீண்டும் மீண்டும் பதிவாயின. இந்திய நாடாளுமன்றத்தில் பாதுகாப்பு அமைச்சர்கள் அளித்த விடைகளிலும் குடும்பச் சிக்கலும் பணமுடையும் மன அழுத்தமுமே காரணங்களாகக் கூறப்பட்டுள்ளன. போர் ஒரு நாட்டைப் பிடிக்கும்போது, களத்துக்குச் செல்லாத வீரனின் இல்லத்தையும் அது பிடித்துக்கொள்கிறது. இடமாற்றமும் பிரிவும் ஓய்வின்மையும் அவனுடைய உறவுகளைத் தேய்க்கின்றன. உடன் உண்டு உடன் உறங்கும் தோழரிடம் இவற்றைச் சொல்ல அவன் நாணுகிறான். குழுவின் நடுவே அவன் தனியன்.

அந்த நாணத்தின் அளவையும் ஆய்வாளர் கண்டறிந்தனர். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பிய வீரரைப் பற்றி 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, உளநோய்க் குறிகள் உடையவருள் 23 முதல் 40 விழுக்காட்டினரே மருத்துவ உதவியை நாடினர். மெலியவன் என்று பெயர் வரும், தலைவர் நம்பிக்கை இழப்பர் என்று அஞ்சியோர், உதவி மிகுதியாகத் தேவைப்பட்டவரிடையேதான் மிகுந்திருந்தனர். ஆக, முதலிற் கூறிய நாணமே இங்கும் வந்து தனிமைக்குத் தாழிடுகிறது.

இத்துடன் கருவியின் அண்மையையும் எண்ண வேண்டும். இஸ்ரேலியப் படையில் இளம் வீரர் வாரஇறுதி விடுப்பில் வீடு செல்லும்போது துப்பாக்கியைக் கொண்டுசெல்லும் வழக்கம் 2006இல் குறைக்கப்பட்டது. அதன்பின் அவர்களிடையே தற்கொலை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. வாரநாட்களில் அது கூடவும் இல்லை. சாகத் துணிந்தவன் எவ்வாறேனும் சாவான் என்னும் பழமொழி போன்ற நம்பிக்கையை இக்கணக்கு பொய்யாக்குகிறது. துணிவு பல வேளைகளில் ஓர் இரவின் துணிவே. அந்த இரவைக் கடக்க எவரேனும் உதவினால் அவ்வீரன் பிழைப்பான்.

சாவுக்குப் பின்

‘அயாஸ்’ நாடகத்தின் பிற்பகுதி முழுவதும் ஒரே வழக்காக அமைகிறது. தற்கொலை செய்துகொண்ட அவ்வீரனைப் புதைக்கலாமா, கூடாதா என்பதே அவ்வழக்கு. தலைவர் இருவர் தடுக்கின்றனர். தம்பி தியூசர் போராடுகிறான். இறுதியில் அயாசின் பகைவனாகிய ஒடிசியசே முன்வந்து, அவன் வீரனாக வாழ்ந்தவன், அவனை மதித்துப் புதைக்க வேண்டும் என வாதாடி வெல்கிறான். 2008ஆம் ஆண்டு முதல் ‘போர் அரங்கம்’ என்னும் அமைப்பினர் இந்நாடகத்தை அமெரிக்க வீரர்க்கும் குடும்பத்தார்க்கும் படித்துக்காட்டினர். படிப்பு முடிந்தபின் அவையினர் எழுந்து தம் அனுபவங்களைப் பேசினர்.

ஒடிசியஸ் செய்ததை ஒரு வல்லரசு செய்ய நெடுங்காலம் ஆயிற்று. போரில் மாண்ட வீரனின் குடும்பத்துக்கு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் இரங்கல் மடல் விடுப்பது மரபு. களத்தில் தற்கொலை செய்துகொண்டவனின் குடும்பத்துக்கு அம்மடல் செல்லாதிருந்தது. 2011 ஜூலையில் பராக் ஒபாமா அவ்வழக்கத்தை மாற்றி, போர்க்களத்தில் அவ்வாறு மாண்டோர் குடும்பத்துக்கும் மடல் செல்லச் செய்தார். தமிழ்நாட்டில் ஆநிரை மீட்டு மாண்டவனுக்கு நடுகல் நாட்டிப் பெயரும் பீடும் பொறித்தனர். கல் பெறாதவன் பெயர் மறைந்தது. ஒரு மடல் அந்தக் கல்லுக்கு ஈடாகாது. ஆயினும் மகன் பெயரை எவரும் சொல்லாத வீட்டில் ஒருவர் சொல்லிய பெயராக அது அமைகிறது.

மதிப்பளித்தால் பிறரும் அச்சாவை நாடுவரே என்னும் அச்சம் எழலாம். அவ்வச்சம் பொருளற்றதன்று. ஒரு படைப்பிரிவில் தற்கொலை முயற்சிகள் நேர்ந்தால் அதே பிரிவில் மேலும் நேரும் வாய்ப்பு கூடுகிறது என அமெரிக்க ஆய்வு காட்டியுள்ளது. இதற்கு விடை புறநானூற்றிலேயே உள்ளது. பெருஞ்சேரலாதன் வடக்கிருந்ததை இருவர் பாடினர். வெண்ணிக்குயத்தியார் கரிகாலனை நோக்கி, வென்ற நின்னினும் வடக்கிருந்தவன் நல்லவன் அல்லனோ என்னும் கருத்துப்படப் பாடினார். அது சாவைப் புகழ்ந்த பாட்டு. கழாத்தலையாரோ முழவும் யாழும் விழாவும் அடங்கிப்போன நாட்டைக் காட்டி, அவன் இன்றிக் கழியும் பகல் முன்போல் இல்லை என இரங்கினார். அது மனிதனை இழந்து அழுத பாட்டு. ஒரே நிகழ்ச்சி, அடுத்தடுத்த பாடல்கள், இருவேறு நெஞ்சங்கள். சாவைப் புகழ்தல் வேறு, செத்தவனை மதித்தல் வேறு. முன்னது அடுத்த வீரனைச் சாவுக்கு அழைக்கும். பின்னது அவனை வாழ்வுக்கு அழைக்கும்.

முடிவுரை

போர்க்காலத்தில் வீரர் தம்மை மாய்த்துக்கொள்வதற்கு நாணம், அறத்தால் பட்ட புண், தனிமை ஆகிய மூன்றும் முதன்மைக் காரணங்கள் என்பதும், கைக்கெட்டும் கருவி அவற்றுக்குத் துணைநிற்கிறது என்பதும் இதுகாறும் கூறியவற்றால் விளங்கும். நாணத்தை நெறிமுறைகளும் பாட்டும் தாய்ச்சொல்லும் ஊட்டுகின்றன. புண்ணை ஆணைகளும் வஞ்சனைகளும் உண்டாக்குகின்றன. தனிமையை மௌனம் வளர்க்கிறது. இம்மூன்றும் மனிதர் ஆக்கியவை; ஆதலால் மனிதரால் மாற்றத்தக்கவை. வீரன் நெஞ்சின் வலிவின்மையே காரணம் என்னும் தீர்ப்பு, மாற்றத்தக்கதை மாற்றாமல் விடுவதற்குக் கூறும் சாக்கே ஆகும்.

வகுப்பறைகளில் மறக்காஞ்சியும் மூதின்முல்லையும் நாள்தோறும் கற்பிக்கப்படுகின்றன. அவற்றைக் கற்பிப்போர் வெண்ணிக்குயத்தியாருக்கு அளிக்கும் நேரத்தைக் கழாத்தலையாருக்கும் அளித்தல் வேண்டும். புண்பட்டேன், உதவி வேண்டும் என்று சொல்வது புறப்புண் ஆகாது என்பதை இளைஞன் ஒருவன் படைக்குச் செல்லுமுன் பள்ளியிலேயே கேட்டிருத்தல் வேண்டும். உயிரோடு திரும்பும் மகனுக்கு வீட்டில் இடம் உண்டு என்று சொல்லும் தாயின் பாட்டும் தமிழில் பாடப்படல் வேண்டும்.